புற வன்றட்டும் பல்வகைக் கணினிகளும்

ஒரு நூலகத்திலே ஐம்பதினாயிரம் நூல்கள் உள எனக் கொள்வோம். நூல்கள் அலுமாரிகளில் நிறைந்திருப்பதனால் மாத்திரம் அவ்விடம் நூலகமாகிவிடாது. எந்நூல் எவ்வலுமாரியில், எத்தட்டில், எத்தனையாம் இடத்தில் உள்ளது என்பதனைக் கூறும் பட்டியல் ஒன்று வேண்டும். அப்பட்டியல் தொலைந்துவிடின் நூல்கள் இருந்தவாறே இருக்கும். ஆயினும் வேண்டிய நூலை வேண்டிய பொழுதில் எடுத்துத் தரவல்லார் எவரும் இரார். இன்று ஆசிரியரும் மாணவரும் பையில் வைத்துக்கொண்டு செல்லும் புற வன்றட்டு இத்தகையதொரு நூலகமே. வழக்கில் ‘போமற்’ செய்தல் என்றும், பாடநூல்களில் வடிவமைத்தல் என்றும் கூறப்படும் செயல் யாதெனின், பழைய பட்டியலை நீக்கி, வெறுமையான புதிய பட்டியல் ஒன்றனைத் தட்டில் எழுதிவைத்தலேயாம். அப்பட்டியலை எம்முறையில் எழுதுவது என்பதே இங்கு ஆராயப் புகும் பொருள். ஏனெனில், ஒரு கணினிக்கு விளங்கும் பட்டியல் மற்றொரு கணினிக்கு விளங்காமற் போதல் உண்டு.

இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் என்னுடைய தவறு ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் சிலர் கூடிப் பழைய ஆண்டு மலர்களைத் திரட்டி, பக்கம் பக்கமாக வருடி, படிமங்களாக்கிச் சேர்த்து வந்தோம். இளைஞர் இருவர் லினக்ஸ் கணினி ஒன்றிலே அவ்வேலையைச் செய்தனர். பதினோராயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களும், விழாக்களின் ஒளிப்பதிவுகள் பலவும் 4 தெராபைற்றுக் கொள்ளளவுள்ள ஒரு வன்றட்டிற் சேர்ந்தன. வருடி முடிந்த மலர்கள் உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டன. அவர்களுட் சிலர் பின்னர்க் கடல் கடந்தும் சென்றுவிட்டனர். அத்தட்டினை யான் வீட்டுக்குக் கொண்டுவந்து, வின்டோஸ் பணிசெயல் முறைமையில் இயங்கும் என் கணினியுடன் இணைத்தேன். ‘இத்தட்டினைப் பயன்படுத்துமுன் போமற் செய்தல் வேண்டும், செய்ய விரும்புகிறீரா?’ என்னும் வினா திரையிலே தோன்றிற்று. புதிதாக வந்த பொருளை ஏற்பதற்குக் கணினி செய்யும் ஆயத்தம் போலும் என எண்ணி உடன்பட்டேன். அடுத்து வந்த எச்சரிக்கையையும் வாசியாமலே கடந்தேன். அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. தட்டு வெறுமையாய் இருந்தது.

கணினி என்னை ஏமாற்றவில்லை. அது கூறக் கருதியது, ‘இத்தட்டில் உள்ள பட்டியல் எனக்கு விளங்கவில்லை’ என்பது. ஆனால் அதனை அவ்வாறு கூறாது, தனக்கு விளங்கும் பட்டியலை எழுதிக்கொள்ள அனுமதி கேட்டது. வாசிக்க முடியாமைக்கும் வெறுமைக்கும் உள்ள வேறுபாட்டை அவ்வினா காட்டுவதில்லை. மொழி தெரியாத நூல்நிலையப் பொறுப்பாளர் ஒருவர், தமக்கு விளங்காத பட்டியலைக் கண்டு, ‘இங்கே நூல்களே இல்லை, புதிதாகத் தொடங்கலாமா?’ என்று கேட்பதற்கு இது நிகராகும். அப்பிள் கணினியும் இவ்வாறே. இணைத்த தட்டு வாசிக்கத்தக்கதாய் இல்லை என்று அறிவித்து, வெளியேற்றவா, பொருட்படுத்தாது விடவா, புதிதாகத் தொடக்கவா என மூன்று வழிகளைக் காட்டும். மூன்றாவது வழி அழிவு வழியாகும். இத்தகைய வினா எக்கணினியில் தோன்றினும், தட்டிற் பொருள் உண்டு என்று அறிந்தவர் முதலிற் செய்யத்தக்கது, மறுத்துவிட்டு, அத்தட்டு முன்னர் எக்கணினியில் இயங்கிற்றோ அதில் இணைத்துப் பார்த்தலே.

இனி, கணினிகள் ஏன் வெவ்வேறு பட்டியல்களைக் கைக்கொள்கின்றன என்பதனை நோக்குவோம். பட்டியல் எழுதும் முறையைக் கோப்பு முறைமை என்பர். அவற்றுள் ‘ஃபற்’ எனப்படுவது மிகப் பழையது. கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணை என்பது அதன் பொருள். 1977ஆம் ஆண்டில் மைக்ரோசொவ்ற் நிறுவனத்தில் மார்க் மக்டொனால்ட் என்பார் நெகிழ்தட்டுகளுக்காக இதனை ஆக்கினார். பின்னர் அது படிப்படியாக விரிந்து, 1996இல் ‘ஃபற்32’ என்னும் வடிவத்தைப் பெற்றது. அதே நிறுவனம் 1993இல் வின்டோஸ் என்.ரீ. என்னும் முறைமையுடன் ‘என்.ரீ.எவ்.எஸ்.’ என்னும் வலிமை மிக்க வேறொரு முறைமையை வெளியிட்டது. அப்பிள் நிறுவனம் 1998இல் ‘எச்.எவ்.எஸ். பிளஸ்’ என்பதனையும், 2017இல் ‘ஏ.பீ.எவ்.எஸ்.’ என்பதனையும் தன் கணினிகளுக்கு வழங்கிற்று. லினக்ஸ் உலகில் 2008இன் இறுதியில் நிலைபெற்ற ‘எக்ஸ்ற்4’ இன்றும் பெருவழக்காய் உள்ளது. ஒவ்வொன்றும் தன் இல்லத்தாருக்கென ஆக்கப்பட்டதேயன்றி, அயலாரை மனத்திற் கொண்டு ஆக்கப்பட்டதன்று. ஆதலின், எக்ஸ்ற்4 தட்டினை வின்டோஸ் தானாக வாசிப்பதில்லை. அப்பிளின் தட்டுகளையும் அவ்வாறே. அப்பிள் கணினி என்.ரீ.எவ்.எஸ். தட்டினை வாசிக்கும்; ஆனால் தனி மென்பொருள் நிறுவினாலன்றி அதில் ஓர் எழுத்தும் எழுதாது. தட்டிற் பழுது உண்டென்று ஐயுறும் பலர், உண்மையில் இவ்வொருதலை உறவினையே கண்டு மயங்குகின்றனர்.

எல்லாக் கணினிகளும் அறிந்த ஃபற்32ஐ ஏன் கொள்ளலாகாது என்று வினவலாம். சிறு தட்டுகளுக்கு அது போதியதே. பெருந்தட்டுக்கு ஒவ்வாமை ஓர் எண்ணிலிருந்து பிறக்கின்றது. அப்பட்டியலிலே கோப்பின் நீளத்தை எழுதுவதற்கு விடப்பட்ட இடம் 32 பிற்று ஆகும். 32 பிற்றுகளில் எழுதத்தக்க மிகப் பெரிய எண் 4,294,967,295. ஆகவே எக்கோப்பும் அத்தனை பைற்றுகளுக்கு மேற்படல் இயலாது. நொடிக்கு 3.5 மெகாபைற்று வீதம் பதிவாகும் பரிசளிப்பு விழாவின் ஒளிப்பதிவு இருபது நிமிடத்திலே இவ்வெல்லையைத் தொட்டுவிடும். தட்டில் 3 தெராபைற்று வெறுமையாய் இருப்பினும், ‘கோப்பு மிகப் பெரிது’ என்று கணினி மறுக்கும். அலுமாரியில் இடம் இருந்தும், பட்டியலின் கட்டம் சிறிதாயிருத்தலின் நூலினைப் பதிய முடியாத நிலை இது.

இக்குறையைத் தீர்ப்பதற்கு மைக்ரோசொவ்ற் 2006இல் ‘எக்ஸ்ஃபற்’ என்பதனை வெளிப்படுத்திற்று. பழைய ஃபற்றின் எளிமையைப் பெரிதும் வைத்துக்கொண்டு, கோப்பின் நீளத்துக்கு 64 பிற்று இடம் அளித்தமை அதன் சிறப்பு. இதனால் 4 கிகாபைற்று எல்லை நீங்கிற்று. 2008இல் வின்டோஸ் விஸ்ராவின் முதலாம் திருத்தப் பொதியிலும், 2010இல் அப்பிளின் 10.6.5 பதிப்பிலும் இது இடம் பெற்றது. பெருங் கொள்ளளவுள்ள நினைவக அட்டைகளின் நியமமும் இதனையே தேர்ந்தது. லினக்ஸ் மட்டும் நெடுங்காலம் புறத்தே நின்றது. தொழினுட்பத்தை விடக் காப்புரிமையே அங்குத் தடையாயிற்று. 2019 ஓகஸ்ட் மாதத்தில் மைக்ரோசொவ்ற் இதன் விவரக்கூற்றை யாவரும் காண வெளியிட்டு, லினக்ஸ் கருவிலே சேர்ப்பதற்கும் இசைந்தது. 2020இல் வெளிவந்த லினக்ஸ் 5.7இல் சம்சுங் நிறுவனம் எழுதிய செம்மையான பகுதி சேர்க்கப்பட்டது. எனவே, வின்டோஸ், அப்பிள், லினக்ஸ் என்னும் மூன்றும் தனி மென்பொருள் வேண்டாது வாசிக்கவும் எழுதவும் வல்ல பெருந்தட்டு வேண்டுமாயின், இன்று எக்ஸ்ஃபற்றைக் கொள்வதே தக்கது. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் சில இதனை அறியா என்பதனையும் உடன் கூறல் வேண்டும்.

பட்டியலை எழுதுமுன், அப்பட்டியல் தட்டின் எப்பகுதிக்கு உரியது என்று கூறும் மற்றொரு சிறு குறிப்புத் தட்டின் தொடக்கத்தில் எழுதப்படும். நூலகத்தின் வாயிலில் எழுதப்பட்ட அறைகளின் விவரம் போன்றது அது. 1983இல் தோன்றிய ‘எம்.பீ.ஆர்.’ என்னும் பழைய முறை, தட்டின் துண்டங்களை 32 பிற்று எண்களாற் குறிக்கின்றது. ஒரு துண்டம் 512 பைற்று எனின், அம்முறை காட்டவல்ல பேரெல்லை 2,199,023,255,552 பைற்று. 4 தெராபைற்றுத் தட்டில் எஞ்சிய 1.8 தெராபைற்றுக்கு வாயிலே இல்லாமற் போகும். ‘ஜீ.பீ.ரீ.’ என்னும் புதிய முறை 64 பிற்று எண்களை ஆள்வதால் இவ்விடர் இல்லை. இரண்டு தெராபைற்றுக்கு மேற்பட்ட தட்டுக்கு ஜீ.பீ.ரீ. முறையையே தேர்தல் வேண்டும். 4 தெராபைற்று என்று பெட்டியில் எழுதப்பட்ட தட்டினை வின்டோஸ் 3.63 என்று காட்டுவது இதனோடு தொடர்புடையதன்று. விற்பவர் ஆயிரத்தின் மடங்குகளாலும், வின்டோஸ் 1,024இன் மடங்குகளாலும் எண்ணுவதனால் விளைந்த வேறுபாடு அது. அப்பிள் கணினி விற்பவரைப் போலவே எண்ணும். தட்டு விற்றவருடன் வழக்காட எழுந்த நண்பர் ஒருவரை இதனைக் கூறி இருத்தினேன்.

செய்முறையைச் சுருங்கக் கூறுவேன். முதலில், தட்டில் உள்ள யாவற்றையும் வேறோரிடத்திற் பிரதிசெய்து, அப்பிரதிகளுட் சிலவற்றைத் திறந்து சரிபார்த்தல் வேண்டும். பிற புறத் தட்டுகள் அனைத்தையும் கணினியிலிருந்து கழற்றிவிடுதல் நன்று. பட்டியலில் அயற்றட்டினைத் தொட்டுவிட்டு வருந்தியோர் பலர். வின்டோஸில் தட்டு முகாமை என்னும் பகுதியைத் திறந்து, கொள்ளளவைக் கொண்டு உரிய தட்டினை அடையாளங் கண்டு, பழைய பகுதிகளை நீக்கி, ஜீ.பீ.ரீ. முறையிற் புதிய பகுதி ஒன்றை ஆக்கி, எக்ஸ்ஃபற்றைத் தேர்க. அப்பிள் கணினியிலே தட்டுப் பயன்பாட்டு மென்பொருள் தொடக்கத்தில் தட்டின் உட்பகுதிகளை மாத்திரம் காட்டும். காட்சிப் பட்டியலிற் சென்று எல்லாச் சாதனங்களையும் காட்டுமாறு பணித்து, மேலே தோன்றும் முழுத் தட்டினைத் தேர்ந்த பின்னரே அழித்தலைத் தொடங்க வேண்டும். முறை வினவப்படும் இடத்தில் ‘கைட்’ பகுதி வரைபு என்பதனைத் தேர்க. இது ஜீ.பீ.ரீ.யின் மறுபெயர். அப்பிள் தட்டின் தொடக்கத்தில் 200 மெகாபைற்று அளவுள்ள சிறு பகுதி ஒன்றை ஒதுக்கக் காணலாம். பின்னர் வின்டோஸிற் பார்த்து மருள வேண்டா.

விரைவு முறையா, முழு முறையா என்று வின்டோஸ் கேட்கும். விரைவு முறையிற் பட்டியல் மாத்திரமே புதிதாகும்; முழு முறையில், விஸ்ரா தொடக்கம், தட்டு முழுவதும் சுழியங்கள் எழுதப்படுகின்றன. நொடிக்கு 130 மெகாபைற்று வேகத்தில் 4 தெராபைற்றையும் எழுதுவதற்கு எட்டரை மணி நேரம் செல்லும். புதிதாக வாங்கிய தட்டின் நலத்தைச் சோதிக்க அம்முறை உதவும். ஏனைய வேளைகளில் விரைவு முறை போதும். யான் அன்று செய்தது விரைவு முறை. அதுவே என்னைப் பாதி காத்தது.

ஒதுக்கீட்டு அலகு என்று மற்றொரு வினாவும் வரும். கோப்புகளுக்கு இடம் பைற்றுப் பைற்றாக அன்றிக் கொத்தணி கொத்தணியாகவே வழங்கப்படும். பெருந்தட்டுகளில் எக்ஸ்ஃபற்றுக்கு வின்டோஸ் தானாகக் கொள்ளும் கொத்தணி 128 கிலோபைற்று. இரண்டு கிலோபைற்று நீளமுள்ள சிறு கோப்பும் முழுக் கொத்தணியையே பிடித்துக்கொள்ளும். அத்தகைய கோப்புகள் ஓரிலட்சம் இருப்பின், 0.2 கிகாபைற்றுச் செய்திக்கு 13 கிகாபைற்று இடம் செலவாகும். ஒளிப்பதிவும் வருடிய படிமமும் வைப்போர் இதனைப் பற்றிக் கவலுதல் வேண்டா.

எக்ஸ்ஃபற்றின் குறைகளே கவலுதற்குரியன. என்.ரீ.எவ்.எஸ்., எக்ஸ்ற்4 போன்றவை ஒரு மாற்றத்தைச் செய்யுமுன் அதனை ஒரு நாட்குறிப்பிலே எழுதி வைக்கின்றன. இடையில் மின்சாரம் நின்றாலும், வடம் கழன்றாலும், அடுத்த முறை அக்குறிப்பினைப் பார்த்துப் பட்டியலை ஒழுங்குபடுத்திக்கொள்ளும். எக்ஸ்ஃபற்றுக்கு நாட்குறிப்பு இல்லை. பழைய ஃபற்32கூட அட்டவணையின் இரு பிரதிகளை வைத்திருக்கும். எக்ஸ்ஃபற் பெரும்பாலும் ஒன்றனையே வைக்கின்றது. எழுதிக்கொண்டிருக்கும்போது வடத்தைப் பிடுங்கினால், பட்டியல் அரைகுறையாய் நின்றுவிடும். கோப்பினைப் பிரதிசெய்து முடிந்தது என்று திரை காட்டிய பின்னரும் சில பகுதிகள் கணினியின் நினைவகத்திலே காத்திருத்தல் உண்டு. ஆதலின், பாதுகாப்பாக வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்து, அனுமதி வந்த பின்னரே வடத்தைக் கழற்றல் வேண்டும். மின்வெட்டு அடிக்கடி நேரும் ஊர்களில் மடிக்கணினியைக் கொண்டு இவ்வேலையைச் செய்வது மேல். மேலும், இக்கோப்பு இவருடையது, இதனை இவரே மாற்றலாம் என்னும் உரிமைக் குறிப்புகளையும் எக்ஸ்ஃபற் வைத்திருப்பதில்லை. தட்டினைக் கையிற் கொண்டவர் யாரும் அனைத்தையும் அழிக்கலாம்.

தமிழ்ப் பெயரிட்ட கோப்புகளைப் பற்றித் தனியே ஒரு சொல். எக்ஸ்ஃபற் யூனிக்கோட் முறையிற் பெயர்களை எழுதுவதனால் தமிழ்ப் பெயர்களுக்குத் தடை இல்லை. ஆனால் ‘கொழும்பு’ என்னும் பெயரின் முதலெழுத்தை இருவகையாகக் குறிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாக எழுதுவது ஒரு வகை. ஒற்றைக் கொம்பும் காலும் என இரு குறியீடுகளாகப் பிரித்து எழுதுவது மற்றொரு வகை. ஓகாரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதுவே நிலை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு சரங்கள். அப்பிளின் எச்.எவ்.எஸ். பிளஸ் பெயர்களைப் பிரித்தே எழுதி வைக்கும் இயல்பினது. அங்கிருந்து வந்த பெயரும், வேறு கணினியிற் சேர்த்தெழுதப்பட்ட அதே பெயரும் லினக்ஸ் கணினியின் ஒரே கோப்புறையில் இரட்டைப் பிள்ளைகள் போல அருகருகே நிற்றல் கூடும். தேடுவார்க்கு ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. ஒகர, ஓகார, ஔகாரம் வரும் பெயர்களுக்கு முன் ஆண்டினையும் தொடரெண்ணையும் இலக்கத்தில் எழுதிவிட்டால் தேடல் எளிதாகும். முக்காற்புள்ளியும் வினாக்குறியும் பெயரில் வருதலாகாது. லினக்ஸ் அவற்றை ஏற்கும், எக்ஸ்ஃபற் ஏற்காது.

இவ்வாறு நோக்குமிடத்து, எக்ஸ்ஃபற் தட்டு கணினிகளுக்கிடையே பொருளைக் கொண்டு செல்லும் ஊர்தியாதற்கு ஏற்றது. ஒரே பிரதியை நம்பி வைக்கும் பேழையாதற்கு ஏற்றதன்று என்பது என் துணிபு. அப்பிளின் ‘ரைம் மெஷின்’ என்னும் காப்புப் பிரதி ஏற்பாடும் நேராக எக்ஸ்ஃபற் தட்டினைத் தன் இடமாக ஏற்பதில்லை. கணினிகள் இரண்டும் ஒரே வீட்டில் இருப்பின், வலையமைப்பின் வழியே கோப்புகளை அனுப்பிவிடலாம். அங்குத் தட்டின் முறைமை எதுவாயினும் கேடில்லை. ஒவ்வொரு கணினியும் தன் தட்டினைத் தானே வாசித்து, உள்ளடக்கத்தை மாத்திரம் மற்றதற்குக் கொடுக்கின்றது.

எமது தட்டின் கதையை முடித்துவிடுகிறேன். தவறு நேர்ந்தவுடன் அதில் வேறெதனையும் எழுதாது, லினக்ஸ் அறிந்த இளைஞரிடமே கொண்டு சென்றேன். மீட்பு மென்பொருள் கொண்டு தட்டினைத் துண்டம் துண்டமாகத் துருவியபோது, பெரும்பாலான படிமங்கள் வெளிப்பட்டன. உள்ளடக்கம் அழியவில்லை, அழிந்தவை பெயர்களும் ஒழுங்குமே. எந்த ஆண்டு மலரின் எத்தனையாம் பக்கம் என்று கூறிய பெயர்களுக்குப் பதிலாக, வெறும் தொடரெண்களே எஞ்சின. ஒளிப்பதிவுகளிற் சில துண்டு துண்டாய்க் கிடைத்தன, இரண்டு கிடைக்கவேயில்லை. இப்பொழுது மூலப் பிரதி ஒன்று எக்ஸ்ற்4 தட்டிலும், மற்றொன்று வேறொருவர் வீட்டில் என்.ரீ.எவ்.எஸ். தட்டிலும் உள்ளன. பழைய 4 தெராபைற்றுத் தட்டு எக்ஸ்ஃபற்றாக மாற்றப்பட்டு, இடையே சென்று வருகின்றது. மூன்றின் முதுகிலும் அவற்றின் முறைமையை எழுதி, ‘போமற் செய்யவா என்று கேட்டால் மறுக்க’ என்று தாளில் எழுதி ஒட்டியுள்ளோம். பெயரிழந்த பக்கங்களை மாலை வேளைகளில் ஒவ்வொன்றாய்த் திறந்து, பக்க எண்ணையும், அதிபர் அறிக்கையில் வரும் திகதிகளையும், ஓரத்து விளம்பரங்களையும் கொண்டு ஆண்டு காண்கின்றோம். ஏறத்தாழ மூவாயிரம் பக்கங்கள் இன்னும் எஞ்சியுள்ளன.